பழந்துணிக் கடையிலிருந்து ஒரு கேப்டன்

ரயில் நிலையக் கழிப்பறைக்குள் ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு முதியவர் நுழைகிறார். வெளியே ஒருவர் பொறுமையிழந்து கதவைத் தட்டுகிறார், வைகிறார். கதவு திறக்கிறது. வெளியே வருபவர் அந்த முதியவரல்ல, பிரஷ்யக் காவற்படையின் கேப்டன். வைதுகொண்டிருந்தவர் தம் அவசரத்தையும் மறந்து விறைத்து நிற்கிறார். முகம் அதே முகம்தான். கூன் விழுந்த முதுகும் அதேதான். மாறியிருப்பது துணி மட்டுமே.

ஹெல்முட் கொய்ட்னர் இயக்கி 1956இல் வெளிவந்த 'கோப்பெனிக் கேப்டன்' என்ற ஜெர்மன் திரைப்படத்தின் காட்சி இது. வஞ்சகனொருவனை நாயகனாக்கிய அவல நகைச்சுவைப் படங்களில் இதற்குத் தனியிடம் உண்டு. முதல் காரணம், அதன் கதை பெரும்பாலும் உண்மையாகவே நடந்தது. அடுத்த காரணம் சற்றுச் சங்கடமானது. இதே கதை முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் இன்னொரு முறை நடந்தது, அப்போது யாரும் சிரிக்கவில்லை. அதையும் ஒருவர் படமாக எடுத்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு முதல் படத்தின் சிரிப்பு பழைய சிரிப்பாக இருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு அப்படி இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வில்ஹெல்ம் ஃபோக்ட் 1849 பிப்ரவரி 13ஆம் நாள் கிழக்குப் பிரஷ்யாவின் டில்ஸிட் நகரில் பிறந்தவர். இன்று அவ்வூர் ரஷ்யாவில் இருக்கிறது, பெயரும் சொவெத்ஸ்க் என்று மாறிவிட்டது. தந்தை காலணி தைக்கும் தொழிலாளி, மகனும் அத்தொழிலையே கற்றார். பதினான்கு வயதில் திருட்டுக்காக முதல் சிறைவாசம். அதன்பின் திருட்டு, ஆவண மோசடி என்று தண்டனைகள் வரிசையாக வந்தன. கடைசியாக ஒரு நீதிமன்றத்தின் பணப்பெட்டியைக் கடப்பாரையால் உடைக்க முயன்று பிடிபட்டதற்குப் பதினைந்தாண்டு கடுங்காவல். 1906 பிப்ரவரியில் வெளியே வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு. வாழ்நாளில் ஏறத்தாழப் பாதி சிறையில் கழிந்திருந்தது.

வெளியே வந்தவர் திருந்தி வாழ முயன்றார் என்பதற்குச் சான்று உண்டு. பால்டிக் கடற்கரையிலுள்ள விஸ்மார் நகரில் ஒரு காலணித் தயாரிப்பாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளிக்கு அவர்மேல் குறையேதும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் முன்னாள் கைதி என்ற காரணத்தால் காவல்துறை அவரை அந்த மாநிலத்திலிருந்தே வெளியேற்றியது. பெர்லினை ஒட்டிய ரிக்ஸ்டார்ஃபில் சகோதரியின் வீட்டுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டார். ஆகஸ்டு மாதத்தில் பெர்லின் வட்டாரத்திலிருந்தும் வெளியேறுமாறு ஆணை வந்தது. வேலை வேண்டுமானால் தங்குவதற்கு அனுமதி காட்டவேண்டும், அனுமதி வேண்டுமானால் வேலை இருப்பதைக் காட்டவேண்டும். நாட்டை விட்டே போய்விடலாம் என்றால் அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும், அதை அவருக்குத் தருவார் யாருமில்லை. செக்குமாட்டுக்காவது சுற்றுவதற்கு ஒரு தடம் உண்டு. இவருக்கு நிற்பதற்கே அனுமதியில்லை. பதிவு செய்யாமல் ஒளிந்து தங்கினார். பெர்லினிலும் போட்ஸ்டாமிலும் பழைய துணி விற்பவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சீருடையைச் சேர்த்தார், முதலாம் காலாட் காவற்படையின் கேப்டன் சீருடை.

1906 அக்டோபர் 16. நண்பகல் வேளையில் பெர்லினின் ப்ளூட்ஸன்ஸே பகுதியில், காவல் பணி முடித்துப் பாசறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த சில வீரர்களை அந்தக் 'கேப்டன்' நிறுத்தினார். மேலிடத்து உத்தரவு, என் பின்னால் வாருங்கள் என்றார். துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலிலிருந்து இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டார். மொத்தம் பத்துப் பதினோரு பேர். யாரும் எழுத்தில் உத்தரவு கேட்கவில்லை. நகர ரயிலில் மூன்றாம் வகுப்புப் பயணம். வாகனம் ஏற்பாடு செய்ய முடியவில்லை என்று அவர்களிடம் காரணமும் சொல்லியிருக்கிறார். வழியில் பீர் வாங்கிக் கொடுத்தார், கோப்பெனிக்கில் இறங்கியதும் ஆளுக்கு ஒரு மார்க் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். நீண்ட காலக் கைதி வாழ்க்கை அவருக்குக் கற்றுத்தந்தது இதுதான் போலும், கட்டளைக்குக் கீழ்ப்படிபவனின் வயிறு காலியாக இருக்கக் கூடாது.

கோப்பெனிக் அன்று பெர்லினுக்கு வெளியே தனி நகராட்சி. பயனெட் பொருத்திய துப்பாக்கிகளுடன் வீரர்கள் நகர மன்றக் கட்டடத்தின் வாயில்களை அடைத்தனர். மேயர் கியோர்க் லாங்கர்ஹான்ஸும் மூத்த செயலரும் கைது செய்யப்பட்டனர். கணக்கில் முறைகேடு, பெர்லினுக்கு அழைத்துப்போக ஆணை என்றார் ஃபோக்ட். மேயர் படித்தவர், தாமே சேமப்படையில் அதிகாரி. கைது ஆணையைக் காட்டுமாறு அவர் கேட்டதாகவும் கேப்டன் பின்னால் நின்ற வீரர்களைச் சுட்டிக்காட்டியதாகவும் சொல்கிறார்கள். உள்ளூர்க் காவலர்களுக்கு வெளியே கூடிய கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலை தரப்பட்டது, செவ்வனே செய்தார்கள். கருவூலப் பொறுப்பாளர் கணக்கை முடித்துப் பணத்தை ஒப்படைத்தார்: 3,557 மார்க் 45 ஃபென்னிக். பெற்றுக்கொண்டதற்கு ஃபோக்ட் ரசீதும் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தில் அவர் போட்ட பெயர், தம்மை அடைத்து வைத்திருந்த கடைசிச் சிறையின் அதிகாரியுடைய பெயர். இந்த ஒரு விவரத்துக்காகவே அவரைக் கலைஞர் என்பேன்.

கைதிகள் இருவரும் வாடகைக் குதிரை வண்டிகளில் பெர்லினின் மையக் காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்தவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை. எஞ்சிய வீரர்களிடம் இன்னும் அரைமணி நேரம் கட்டடத்தைக் காவல் காக்குமாறு சொல்லிவிட்டு ஃபோக்ட் ரயில் நிலையத்துக்கு நடந்தார். ஒரு கோப்பை பீர் அருந்திவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்தார் என்று பத்திரிகைகள் எழுதின.

பத்து நாள் கழித்து, காலையுணவு உண்டுகொண்டிருந்தபோது பிடிபட்டார். காட்டிக்கொடுத்தவர் பழைய சிறைத்தோழர். இப்படியொரு திட்டத்தைப் பற்றி ஃபோக்ட் உள்ளேயே அவரிடம் பேசியிருக்கிறார், அவருக்கோ பரிசுத்தொகையின்மேல் கண். டிசம்பர் முதல் நாள் நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நேர்மையாக வாழ முயன்றவரைக் காவல்துறைதான் துரத்தியது என்பதை நீதிமன்றமே தணிப்புக் காரணமாக ஏற்றது. உலகமெங்கும் பத்திரிகைகள் சிரித்தன. சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்மும் சிரித்தார் என்பது மரபாகச் சொல்லப்படுவது. எப்படியிருந்தாலும் 1908 ஆகஸ்டில் அவர் வழங்கிய மன்னிப்பில் ஃபோக்ட் விடுதலையானார்.

அதன்பின் கதை இன்னும் வேடிக்கையாகிறது. பெர்லினின் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் அவருடைய உருவம் வைக்கப்பட்டது, உருவத்துக்கு உரியவரே வந்து கையொப்பமிட்டார். ஊர் ஊராகச் சென்று தம்மைக் காட்டிப் பணம் சேர்த்தார். 1909இல் தன்வரலாறு வெளிவந்தது. எந்தக் காகிதத்துக்காக இத்தனை பாடுபட்டதாகச் சொன்னாரோ அதை ஜெர்மனி தரவில்லை. 1910இல் லக்ஸம்பர்க் தந்தது. அங்கே வீடு வாங்கி வாழ்ந்தார். உலகப்போரும் பணவீக்கமும் சேமிப்பைத் தின்றுவிட, 1922 ஜனவரி 3ஆம் நாள் வறுமையில் இறந்தார். சவ ஊர்வலம் போனபோது அங்கிருந்த பிரெஞ்சுப் படைவீரர்கள் யாருடையது என்று விசாரித்து, கோப்பெனிக் கேப்டன் என்ற பதில் கேட்டு, மெய்யான கேப்டன் என்றெண்ணி வணக்கம் செலுத்தினார்களாம். மெய்யோ பொய்யோ, இப்படி ஒரு முடிவு வாய்க்காவிட்டால் யாராவது இட்டுக்கட்டியிருக்கத்தான் வேண்டும்.

'ஆள் பாதி ஆடை பாதி' என்று நாம் சொல்வதை ஜெர்மானியர் 'ஆடைதான் ஆளை ஆக்கும்' என்பார்கள். பாதியைக் கூட ஆளுக்கு விடவில்லை. காட்ஃப்ரீட் கெல்லரின் புகழ்பெற்ற குறுநாவல் ஒன்றுக்கு அதுவே தலைப்பு. ஏழைத் தையற்காரனைப் பிரபுவென்று ஒரு ஊரே நம்பிவிடும் கதை. அதை 1940இல் படமாக்கியவர் இதே கொய்ட்னர், தையற்காரனாக நடித்தவர் இதே ஹைன்ஸ் ரூமன். பதினாறு ஆண்டு கழித்து இருவரும் மறுபடி அதே கருவைத்தான் கையில் எடுத்தார்கள். நடுவில் என்னென்ன நடந்துவிட்டது!

ஃபோக்டின் கதையை இலக்கியமாக்கியவர் கார்ல் ஸுக்மையர். 1931 மார்ச் 5ஆம் நாள் பெர்லினின் டாய்ச்சஸ் தியேட்டரில் அரங்கேறிய நாடகத்துக்கு அவர் கொடுத்த உபதலைப்பு 'ஒரு ஜெர்மானிய மாயக்கதை'. நாடகத்தின் மெய்யான நாயகன் ஃபோக்ட் அல்ல, சீருடை என்றே சொல்லிவிடலாம். போட்ஸ்டாமில் ஒரு யூதத் தையற்காரர் அதை ஓர் உண்மைக் கேப்டனுக்காகத் தைக்கிறார். அவர் பதவியிழக்க, அது வேறொருவர் கைக்கு மாறுகிறது. அந்த வேறொருவர்தான் பின்னாளில் கோப்பெனிக்கின் மேயராகப்போகிறவர். அவருக்கு உடல் பெருக்க, சீருடை படிப்படியாக இறங்கிப் பழந்துணிக் கடைக்கு வந்து சேர்கிறது. தம் பழைய சட்டைதான் தம்மைக் கைது செய்கிறது என்பதை மேயர் அறியார். இன்னொரு பக்கம் ஃபோக்ட், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் கீழே கீழே போகிறார். இரு சரிவுகளும் கடையில் சந்திக்கின்றன. பெரும் மாளிகையைத் தூக்கி நிறுத்தும் இரண்டு உத்திரங்களைப்போல இந்த அமைப்பு நாடகத்தைத் தாங்குகிறது.

ஸுக்மையர் வரலாற்றிலிருந்து விலகும் இடங்களும் கவனத்துக்குரியவை. கடவுச்சீட்டுக்காகவே எல்லாவற்றையும் செய்தேன் என்று ஃபோக்ட் பின்னால் சொன்னதை நாடகம் அப்படியே எடுத்துக்கொள்கிறது. கோப்பெனிக்கில் கடவுச்சீட்டு அலுவலகமே கிடையாது, அது வேறொரு நிர்வாகத்தின் பொறுப்பு. நாடகத்தில் இது தெரியவரும் கணம் மிகக் கசப்பான நகைச்சுவையாக இருக்கிறது. வாழ்க்கையிலோ அது ஃபோக்டின் வாக்குமூலத்தின்மீது ஐயத்தைத்தான் எழுப்புகிறது. பழைய கைதி, பணப்பெட்டி உடைத்து அனுபவமுள்ளவர், நேராகக் கருவூலத்துக்குப் போனவர், கணக்கைச் சரிபார்த்து ரசீது எழுதியவர். நாடகத்தில் அவர் கடவுச்சீட்டு கிடைக்குமென்ற உறுதியின் பேரில் தாமாகவே வந்து சரணடைகிறார். மெய்யான ஃபோக்டோ பணத்தோடு பதுங்கியிருந்து காட்டிக்கொடுக்கப்பட்டவர். அவரைக் குறைத்துச் சொல்வதல்ல என் நோக்கம். விஸ்மாரிலிருந்து துரத்தப்பட்டது மெய், பணத்தின்மேல் ஆசைப்பட்டதும் மெய். இரண்டையும் ஒரே மனிதருக்குள் வைத்துப் பார்க்க நாடகத்துக்கும் படத்துக்கும் மனமில்லை. ஏழை நல்லவனாக இருந்தால்தான் அவன்மேல் இரங்க முடியும் என்ற பழைய பலவீனம்.

முதல் மேடையேற்றத்தில் ஃபோக்டாக நடித்தவர் வெர்னர் க்ரௌஸ். 1931ஆம் ஆண்டே ரிஷார்ட் ஓஸ்வால்ட் இதைப் படமாக்கினார், அதில் மாக்ஸ் அடால்பர்ட் நடித்தார். இரண்டு ஆண்டில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். ஸுக்மையரின் தாய் யூத வழியில் வந்தவர். நாடகங்கள் தடை செய்யப்பட்டன, அவர் ஆஸ்திரியாவுக்குப் போனார், 1938இல் அங்கிருந்தும் தப்பி ஸ்விட்சர்லாந்து வழியாக அமெரிக்கா சேர்ந்து வெர்மாண்டில் ஆடும் கோழியும் வளர்த்துப் பிழைத்தார். இயக்குநர் ஓஸ்வால்டும் யூதர், அவரும் நாடு கடந்தார். ஹாலிவுட்டில் அதே கதையை ஆங்கிலத்தில் மறுபடி எடுத்தார். க்ரௌஸ் ஜெர்மனியிலேயே தங்கினார். 1940இல் வெளிவந்த நாஜிகளின் யூத வெறுப்புப் படமான 'யூதன் ஸ்யூஸ்'இல் பல யூத வேடங்களை அவர் ஒருவரே போட்டார். சீருடையின் சூதை மேடையில் அப்படி விளங்கவைத்த நடிகர் அவர். நடிகருக்கு வேடம் வேடம்தான் போலும்.

ரூமனின் கதை இவ்வளவு கறுப்பானதல்ல, ஆனால் வெள்ளையுமல்ல. நாஜி ஜெர்மனியின் மிகப் பிரபலமான நகைச்சுவை நடிகர். சின்ன உருவம், அப்பாவி முகம், கொஞ்சம் குறும்பு. யூதரான முதல் மனைவியை 1938இல் மணவிலக்குச் செய்தார். அவர் பின்னர் ஸ்வீடன் சென்று உயிர்பிழைத்தார். ரூமன் மறுவருடம் மணந்த நடிகையின் பாட்டனார் ஒருவரும் யூதரே. தடைக்கும் தயவுக்கும் நடுவில் ஒரு கம்பிமேல் நடந்த வாழ்வு. இதையெல்லாம் அறிந்துகொண்டு 1956ஆம் ஆண்டுப் படத்தில் அவர் அலுவலக மேசைகளுக்கு முன்னால் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கும் காட்சிகளைப் பார்க்கும்போது, அந்த நடுக்கத்தில் நடிப்பு எவ்வளவு, நினைவு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

படத்தின் திரைக்கதையைக் கொய்ட்னருடன் சேர்ந்து எழுதியவர் ஸுக்மையரே. போர்க்காலத்தில் அமெரிக்க உளவுத்துறைக்காக, ஜெர்மனியில் தங்கிவிட்ட கலைஞர்கள் சுமார் நூற்றைம்பது பேரைப் பற்றி அவர் ஒரு ரகசிய அறிக்கை எழுதியிருந்தார். யார் மனமொப்பிச் சேர்ந்தவர், யார் பயந்து சேர்ந்தவர், யார் உள்ளுக்குள் எதிர்த்தவர் என்று ஆளாளுக்கு ஒரு மதிப்பீடு. க்ரௌஸும் அதில் இருக்கிறார். 2002இல்தான் அது நூலாக வந்தது. அறிக்கை எழுதியவரும் தங்கிவிட்டவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து ஜெர்மானியரின் கீழ்ப்படிதலைப் பற்றி ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார்கள்.

அது வெளியான நேரத்தையும் சொல்லவேண்டும். மேற்கு ஜெர்மனியின் புதிய ராணுவம் 1955 நவம்பரில் உருவானது. 1956 ஜூலையில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நடப்புக்கு வந்தது. ஆகஸ்டில் படம் வந்தது. போர் முடிந்து பதினோரு ஆண்டே ஆன நாட்டில், மகன்களுக்கு மறுபடி சீருடை அளவெடுக்கும் மாதத்தில், தாய் தந்தையர் திரையரங்கில் அமர்ந்து சீருடையைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரும் வெற்றி. அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா'விடம் தோற்றது, தோற்றதில் இழுக்கில்லை.

நல்ல படம்தான். ஆனால் அதன் சிரிப்பு மன்னிக்கும் சிரிப்பு. சக்கரவர்த்தியின் காலம் அது, பொம்மைச் சிப்பாய்களின் காலம், பழுத்த வர்ணங்களில் பதக்கமும் மீசையும் பார்க்க அழகாயிருக்கிறது. நாங்கள் அப்படித்தான் கொஞ்சம் அசடாக இருந்தோம் என்று படம் சொல்கிறது. அசட்டுத்தனத்துக்கும் படத்துக்கும் இடையே கிடந்த பன்னிரண்டு ஆண்டுகளை அது பேசவில்லை. பேசாததால்தான் அவ்வளவு பேர் பார்த்தார்கள் என்றும் சொல்லலாம்.

கோப்பெனிக்கில் அன்று நடக்காத ஒன்றைப் பற்றி நினைத்துப் பார்க்கிறேன். மேயர் எழுந்து நின்று, ஆணையைக் காட்டாமல் வரமாட்டேன் என்று உறுதியாக மறுத்திருந்தால்? ஃபோக்ட் சுடச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு வேண்டியது பணமும் ரயிலும். ஆனால் சொல்லியிருந்தால் அந்தப் பத்துப் பேர் என்ன செய்திருப்பார்கள்? 1891 நவம்பரில் போட்ஸ்டாமில் காவற்படையின் புதுச் சிப்பாய்களிடம் பேசிய இரண்டாம் வில்ஹெல்ம், தாம் ஆணையிட்டால் சொந்தப் பெற்றோரையும் சுடத்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஃபோக்ட் அணிந்தது அதே காவற்படையின் சீருடை. அது 1906இல் சிரிப்பாக முடிந்ததற்குக் காரணம் கீழ்ப்படிந்தவர்கள் அல்லர், ஆணையிட்டவர் ஒரு சில்லறைத் திருடராக வாய்த்ததே.

சிரிப்பு அந்தச் சமூகத்தைக் குணப்படுத்தியதா என்றால், ஏழாண்டுகள் கழித்து அல்சாஸ் மாநிலத்தின் ஸாபர்ன் நகரில் நடந்ததைப் பார்க்கலாம். உள்ளூர் மக்களை இழிவாகப் பேசிய ஓர் இளம் லெப்டினன்ட், அதை எதிர்த்து மக்கள் திரண்டபோது ராணுவம் 1913 நவம்பரில் தெருவில் போனவர்களைக் கண்டபடி கைது செய்து நிலவறையில் அடைத்தது. அவர்களில் நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்த நீதித்துறையினரும் உண்டு. சில நாளில் அதே லெப்டினன்ட் ஒரு கால் ஊனமுற்ற காலணித் தொழிலாளியை வாளால் வெட்டினார். காலணித் தொழிலாளியையே! இம்முறை அணிந்திருந்தது மெய்யான சீருடை. நாடாளுமன்றம் 293க்கு 54 என்ற வாக்கில் பிரதமரைக் கண்டித்தது, அவர் பதவியில் நீடித்தார். லெப்டினன்டுக்கு விதிக்கப்பட்ட 43 நாள் தண்டனையும் மேல்முறையீட்டில் ரத்தானது. பொறுப்பான கர்னலும் விடுதலை. ஃபோக்டுக்குச் சிரித்த அதே பத்திரிகைகளில் சில இப்போது ராணுவத்தின் மானத்தைப் பற்றி எழுதின.

இனி இரண்டாவது கேப்டன்.

வில்லி ஹெரோல்ட் 1925இல் சாக்ஸனியில் பிறந்தவன், புகைபோக்கி துப்புரவு செய்யும் தொழிலைப் பழகியவன். இத்தாலியப் போர்முனையில் சண்டையிட்டவன். 1945 ஏப்ரல் தொடக்கத்தில் ஜெர்மனியின் மேற்கெல்லைப் பகுதியில், சிதறி ஓடும் படைகளுக்கு நடுவே பிரிவைத் தொலைத்துவிட்டுத் தனியே திரிந்தான். தனியே திரியும் சிப்பாய் ஓடுகாலி, பிடிபட்டால் மரத்தில் தொங்கவேண்டியதுதான். வழியில் கைவிடப்பட்ட ஒரு வாகனத்தில் விமானப்படைக் கேப்டன் ஒருவனின் சீருடை கிடைத்தது. அணிந்துகொண்டான். வயது பத்தொன்பது.

ஃபோக்ட் வீரர்களைத் தேடிப்போய்ப் பிடித்தார். ஹெரோல்டை வீரர்கள் தேடி வந்தார்கள். ஆணைக்கு ஏங்கித் திரிந்த அநாதைச் சிப்பாய்கள் ஒவ்வொருவராக அவன் பின்னால் சேர்ந்தனர், சில நாளில் ஒரு சிறு படையே உருவானது. ஏப்ரல் 11ஆம் நாள் எம்ஸ்லாந்து சதுப்புநிலத்தில் இருந்த ஆஷன்டார்ஃபர்மோர் கைதி முகாமை அடைந்தான். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் ராணுவ நீதிமன்றங்களால் தண்டிக்கப்பட்ட ஜெர்மன் வீரர்களே. ஹிட்லரே நேரடியாக எனக்கு அதிகாரம் தந்திருக்கிறார் என்றான். முகாம் நீதித்துறையின் பொறுப்பு, ஆகவே அங்குமிங்கும் தொலைபேசியில் கேட்டார்கள். அவனுடைய அடையாளச் சீட்டை மட்டும் எவரும் கேட்கவில்லை. மறுநாள் மாலை கைதிகளைத் தங்களுக்கே குழி வெட்டச் செய்து கொலைகள் தொடங்கின. முதலில் பயன்பட்டது விமான எதிர்ப்புப் பீரங்கி. அடுத்த சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 19இல் பிரிட்டிஷ் விமானங்கள் முகாமைக் குண்டுவீசி அழித்தபின் கூட்டம் இடம்பெயர்ந்தது. வெள்ளைக்கொடி ஏற்றிய ஒரு விவசாயியைத் தூக்கிலிட்டது, லேர் நகரில் ஐந்து டச்சுக்காரர்களைச் சுட்டது.

ராபர்ட் ஷ்வென்ட்கே 2017இல் இதைக் கறுப்பு வெள்ளையில் 'கேப்டன்' என்ற பெயரிலேயே எடுத்தார். ஹாலிவுட்டில் 'ஃப்ளைட்பிளான்', 'ரெட்' போன்ற வணிகப் படங்கள் செய்துவிட்டுத் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்து எடுத்த படம். ஹெரோல்டாக ஸ்விஸ் நடிகர் மாக்ஸ் ஹுபாஹர். முதல் கால்மணி நேரம் இது கொய்ட்னரின் படத்துக்குத் தம்பிதான். வேட்டையாடப்பட்ட பையன் சீருடையை அணிந்து, ஆளில்லா வெளியில் குரலைத் தடிக்கவைத்து அதிகாரியாகப் பேசிப் பழகுகிறான். சிரிப்பு வருகிறது. கால்சட்டை மட்டும் நீளமாக இருக்கிறது. ஒரு முரட்டுச் சிப்பாய் அதைக் கவனித்துவிடுகிறான், பார்வை கீழே போய் மேலே வருகிறது. ஆனால் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமலிருப்பதில் அவனுக்கு ஆதாயம் உண்டு, போலிக் கேப்டனிடமிருந்தும் மெய்யான சோறும் மெய்யான அதிகாரமும் கிடைக்கும். இந்தப் பார்வைதான் படத்தின் அச்சாணி என்று எனக்குப் படுகிறது. 1906இன் வீரர்கள் ஏமாந்தவர்கள். இவர்களைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது.

முகாம் காட்சிகளில் அலுவலக நகைச்சுவை உச்சத்தை அடைகிறது. கைதிகளைக் கொல்லலாமா என்பதல்ல அங்கே பிரச்சினை. கொல்லும் அதிகாரம் எந்தத் துறைக்கு என்பதே பிரச்சினை. தொலைபேசி சுற்றிச் சுற்றிப் போகிறது, வேறொரு அலுவலரைக் கேளுங்கள் என்கிறது. ஃபோக்டைச் சுழல வைத்த அதே பதில். அவருக்கு அந்த அலுவலகச் சுழல் தங்குவதற்கு இடம் மறுத்தது. இங்கே அதே சுழல் நின்றதும் துப்பாக்கிகள் வெடிக்கின்றன. அன்றிரவு முகாமில் கேளிக்கை விருந்து வேறு. இறுதியில், பெயர்ப்பட்டியல் ஓடும்போது, ஹெரோல்டின் கூட்டம் அதே சீருடைகளில் இன்றைய ஜெர்மன் நகரத் தெருவில் இறங்கி வழிப்போக்கர்களை நிறுத்திச் சோதனை செய்கிறது. இது தேவையற்ற அழுத்தம் என்றே முதலில் தோன்றியது. அந்த வழிப்போக்கர்கள் கேட்டவுடன் பையைத் திறந்து காட்டுவதைப் பார்த்தபின் என் கருத்தில் கொஞ்சம் தளர்ச்சி.

படம் ஹெரோல்டுக்கு ஒரு கடந்தகாலம் தரவில்லை என்று சிலர் குறைபட்டார்கள். நான் அதை நிறை என்பேன். கடந்தகாலம் தந்திருந்தால் அவனுக்கும் ஒரு விஸ்மார் இருந்திருக்கும், நாமும் அங்கே போய் ஒளிந்துகொண்டிருப்போம்.

ஏப்ரல் முடிவில் ஜெர்மன் ராணுவமே அவனைக் கைது செய்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். கடற்படை நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டவன், இன்னும் போருக்குப் பயன்படுவான் என்று விடுவிக்கப்பட்டான். போர் முடிந்தது. சீருடையைக் கழற்றிவிட்டு வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுக நகரில் பழைய தொழிலுக்கே திரும்பினான், கரி படிந்த உடையில் வீடு வீடாகப் புகைபோக்கி துப்புரவு செய்தான். அங்கே புகைபோக்கிக்காரன் எதிரே வந்தால் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. 1945 மே 23ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படையினர் அவனைப் பிடித்தனர், ஒரு ரொட்டியைத் திருடியதற்காக. பிடிபட்டவன் யார் என்பது விசாரிக்கும்போதுதான் தெரியவந்தது. 1946 பிப்ரவரியில் அவனையும் கூட்டாளிகளையும் ஆஷன்டார்ஃபர்மோருக்குக் கொண்டுபோய், மண்வெட்டியைக் கையில் கொடுத்து, புதைத்தவர்களைத் தோண்டி எடுக்கச் செய்தார்கள். ஆகஸ்டில் ஓல்டன்பர்க் நகரில் விசாரணை. நவம்பர் 14இல் வோல்ஃபன்பியூட்டல் சிறையில் தலை வெட்டப்பட்டது. வயது இருபத்தொன்று.

கோப்பெனிக் நகர மன்ற வாயிலில் 1996இலிருந்து ஃபோக்டின் வெண்கலச் சிலை நிற்கிறது, ஆளுயரத்தில், முழுச் சீருடையுடன். சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.